பிடி என்பதற்கு முன்னால் விடு

பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

சின்னவன் போன வாரம் ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். மறுநாளே அதன் முன்னால் காலை ஆட்டி ஆட்டி, கால்சட்டை நுனியைக் கடிக்க வைத்துக்கொண்டிருந்தான். "நைனா, இத எப்பத்துலேர்ந்து கடிக்கப் பழக்கலாம்?" என்று என்னைக் கேட்டான். நான் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வாயால் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் உங்கள் அம்மா மீதியைச் சொல்லிவிடுவாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவளே, இது உன் கதையும்தான். ஆனால் உனக்கு ஒன்றும் நினைவிருக்காது. அப்போது நீ தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

அந்தக் காலத்தில் நாங்கள் ராணிக்கோட்டை மலை அடிவாரத்தில், குத்தகைக்கு எடுத்த நிலத்திலேயே ஒரு கூரை வீடு கட்டிக் குடியிருந்தோம். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இன்னொரு வீடு கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சப்பாத்திக்கள்ளி, நடுவில் நிலக்கடலை போட்ட எங்கள் மல்லாட்டைக் கொல்லை. கொல்லையில் வேலை இல்லாத நாட்களில் நான் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு மண்டிக்கு மூட்டை எடை போடப் போய்விடுவேன். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். உங்கள் அம்மாவும் கைக்குழந்தையும் மட்டும் வீட்டில்.

ஒருநாள் மத்தியானம் யாரோ ஒருவன் தண்ணீர் கேட்டு வந்திருக்கிறான். அவளும் செம்பில் கொடுத்திருக்கிறாள். குடித்து முடித்த பிறகும் அவன் போகவில்லை. வீட்டுக்காரர் எங்கே, எப்போது வருவார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே ஓர் அடி உள்ளே வந்திருக்கிறான். அவள் குழந்தையை இடுப்பிலும் கதிர் அரிவாளைக் கையிலும் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றிருக்கிறாள். பாதையில் ஒரு கட்டை வண்டி சத்தம் கேட்ட பிறகுதான் அவன் நகர்ந்தானாம்.

நான் வந்ததும் அவள் அழவில்லை. அரிவாளைக் கூரையில் செருகினாள்.

"ஒரு நாய் வேணும்யா," என்றாள். "கொரைக்கிற நாய் இல்ல. கடிக்கிற நாய்."

சரி என்றேன். சோறு போட்டுவிட்டு, நான் முதல் வாய் எடுத்து வைத்த நேரத்தில் இன்னொன்றையும் சொன்னாள்.

"ஆனா எம் பொண்ணு மேல ஒரு பல்லு பட்டுச்சுன்னா அன்னிக்கே அது போயிடணும். நீ நடுவுல வரக் கூடாது."

அதற்கும் சரி என்றேன். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

ஆடி மாதத்தில் அவலூர்பேட்டை சந்தைக்குப் போனேன். ஆடு ஓட்டுகிற ஒருவர் கூடையில் குட்டிகளை வைத்திருந்தார். தாய் நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. யார் எவ்வளவு கிட்டே வரலாம் என்பதைக் கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. நான் குட்டிகளைப் பார்த்தபடி, கையில் இருந்த தகரக் குவளையைத் தரையில் போட்டேன். ஒரு குட்டி கத்திக்கொண்டு தாயிடம் ஓடிப்போய் அப்புறம் தலையே நீட்டவில்லை. ஒன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவலை நிறத்தில் ஒன்று, துள்ளிப் பின்வாங்கி, கொஞ்சம் யோசித்து, மெல்ல வந்து குவளையை மோந்து பார்த்தது. மறுபடி போட்டேன். மறுபடி வந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. பயமே இல்லாததை வைத்துக்கொண்டு வீட்டில் குழந்தை வளர்க்க முடியாது. பயம் போகாததை வைத்துக்கொண்டு காவல் வைக்க முடியாது.

நான் குவளையைப் போட்டும் எடுத்தும் பார்ப்பதைப் பார்த்து ஆட்டுக்காரர், "குட்டி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றார்.

குட்டிக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். வைக்கவே இல்லை. கடைசிவரை அது குட்டிதான்.

நாயைக் கடிக்கப் பழக்குவது எப்படி என்று நான் கேட்டது முதலில் மண்டி முதலாளியைத்தான். அவர் வீட்டில் ஒரு பெரிய நாய் இருந்தது. கண் திறந்த நாளிலிருந்து இருட்டு அறையில் கட்டிப் போட வேண்டும், சோற்றில் பச்சை மிளகாய் அரைத்துப் போட வேண்டும், தெரியாத ஆளை விட்டுக் குச்சியால் குத்தச் சொல்ல வேண்டும், அப்போதுதான் வெறி ஏறும் என்று சொன்னார். அவர் நாய்க்கு ஏறியது உண்மைதான். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைப் பட்டு வேட்டியோடு சேர்த்துக் கடித்தது. அதற்கப்புறம் அந்த மாப்பிள்ளை எந்தப் பண்டிகைக்கும் வந்ததாகத் தெரியவில்லை. முதலாளி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். பயந்து கடிக்கிற நாய்க்கு மாப்பிள்ளையும் திருடனும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஆவணியில் உங்கள் மாமா பட்டாளத்திலிருந்து லீவில் வந்தான். சீனச் சண்டைக்குப் பிறகு சேர்ந்தவன். முகாமில் நாய்களைப் பழக்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். அதை வைத்துக்கொண்டு தானே பழக்கியது மாதிரி பேசினான். ஆனாலும் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. "அடிச்சா கடிக்கக் கத்துக்காது மாமா, ஓடத்தான் கத்துக்கும். அதுக்கு இது வெளயாட்டா இருக்கணும்," என்றான். ஒரு கிழிந்த கோணியைச் சுருட்டிக் கயிற்றில் கட்டித் தரையில் எலி மாதிரி ஓடவிட்டான். குட்டி அதைத் துரத்திப் பிடித்தது. அவன் கொஞ்சம் இழுத்தான். குட்டி உறுமிக்கொண்டு பின்னுக்கு இழுத்தது. அவன் தோற்றுவிட்டது போலக் கோணியை விட்டுவிட்டான். குட்டி அதைத் தூக்கிக்கொண்டு, வாசலைச் சுற்றி ஊர்வலம் போவது மாதிரி ஓடியது. எப்போதும் அது ஜெயிக்க வேண்டும், இன்னும் வேண்டும் என்று அது கேட்கிறபோதே நிறுத்திவிட வேண்டும், அதுதான் சூட்சுமம் என்றான். உங்கள் அம்மா வாசலில் இருந்தபடியே, "ஆளும் நாயும் ஒரே வயசா இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் லீவு முடிந்து போய்விட்டான். நான் தினமும் சாயங்காலம் மண்டியிலிருந்து வந்ததும் அந்த விளையாட்டைத் தொடர்ந்தேன். குட்டியும் என் சைக்கிள் மணி கேட்டதும் தானே போய்க் கோணியை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும். எனக்கு ஒரே பெருமை.

பிறகு ஒருநாள் கோணியைக் கண்டதும் அது பின்வாங்கியது. நான் ஆட்டிக் காட்டினேன். ஓடி வந்து கவ்வியது. நான் இழுத்ததும் கீச்சென்று கத்தி விட்டுவிட்டது. சோம்பேறித்தனம் என்று நினைத்து இன்னும் வேகமாக ஆட்டினேன். உங்கள் அம்மா வந்து என் கையிலிருந்து கோணியைப் பிடுங்கிப் பார்த்தாள். அதில் இரத்தக் கறை இருந்தது. நாரில் ஒரு சின்னப் பல் சிக்கியிருந்தது. அரிசியை விடக் கொஞ்சம் பெரியது.

பெரியவளே, அந்த வாரம்தான் உனக்கும் ஈறு தடித்து, கண்டதையெல்லாம் வாயில் வைத்துக் கடித்து, ராவும் பகலும் சிணுங்கிக்கொண்டிருந்தாய்.

"உம் பொண்ணுக்கு ஈறு வீங்கியிருக்குது. அதுக்கு முறுக்கு வாங்கிக் குடுப்பியா?" என்று கேட்டாள்.

நான் கோணியை வாங்கி நாரைப் பிரித்தேன். பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போட மனசு வரவில்லை. காலித் தீப்பெட்டியில் போட்டுக் கூரை இடுக்கில் செருகினேன்.

"இன்னா, சாணியில உருட்டிக் கூர மேல எறியப் போறியா? உன் சீமந்த புத்திரனா அது?" என்று சிரித்தாள்.

சின்னவனே, நீ கேட்டதற்கு முதல் பதில் இதுதான். உன் குட்டியின் வாயைத் திறந்து பார். பால் பல் இருக்கிற வரைக்கும் துணியைத் துரத்தட்டும், பிடிக்கட்டும், ஜெயிக்கட்டும். இழுத்து மல்லுக்கட்டாதே. பல் ஆட ஆரம்பித்துவிட்டால் அந்த விளையாட்டையே மூட்டைகட்டி வை. அந்த நேரத்தில் வலி வந்தால், கடித்தால் வலிக்கும் என்று அது மனசில் எழுதிக்கொள்ளும். பிறகு அதை அழிக்க முடியாது. புதுப் பல் எல்லாம் வந்து இறுகும்வரை பொறுத்திரு.

அந்தப் பொறுத்திருந்த மாதங்களை உங்கள் அம்மா வீணாக்கவில்லை. "பிடின்னு அப்புறம் சொல்லிக் குடு. மொதல்ல விடுன்னா விடணும். பகல்ல இது கூட இருக்கப் போறவ நானு. என் சொல்லுக்கு விடணும்," என்றாள். அவளே ஆரம்பித்தாள். குட்டி வாயில் எதையாவது கவ்விக்கொண்டிருக்கும், துடைப்பமோ மட்டையோ. பக்கத்தில் போய்க் குந்தி, கருவாட்டுத் துண்டை மூக்கருகே நீட்டி, "விடு" என்பாள். கத்த மாட்டாள். உப்பை எடு என்று சொல்கிற குரலில்தான் சொல்வாள். அது வாயிலிருப்பதை விட்டுக் கருவாட்டைத் தின்னும். உடனே அந்தத் துடைப்பத்தையே எடுத்து மறுபடி அதன் வாயில் கொடுப்பாள்.

அது எனக்குப் புரியவில்லை. பிடுங்கிய பொருளை எதற்குத் திருப்பித் தருகிறாய் என்று கேட்டேன்.

"புடுங்கிக்கினே போனா யாரு குடுப்பா? வுட்டா திரும்ப வரும்னு தெரிஞ்சா தானே வுடும்," என்றாள்.

மார்கழி வருவதற்குள் கருவாடு தேவைப்படவில்லை. சொல் போதும். விட்டுவிட்டு அவள் கையைப் பார்க்கும். அவள் ஏதாவது ஒன்றைத் திருப்பித் தருவாள். அதைத் தூக்கிக்கொண்டு வாசலை ஒரு சுற்றுச் சுற்றும்.

தையில் பற்கள் இறுகிவிட்டன. வெள்ளை வெளேரென்று புதுப் பல். நான் மறுபடி கோணியை எடுத்தேன். இப்போது கயிற்றில் இல்லை, என் இடது கையில் சுற்றிக்கொண்டேன். குட்டி பாய்ந்து கவ்வும், முழு வாயாலும் பிடிக்கும், "விடு" என்றதும் விடும். முகாமில் பார்த்தது மாதிரியே இருக்கிறது என்று உங்கள் மாமாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதிப் போட்டேன்.

எனக்கும் உங்கள் மாமாவுக்கும் ஒரு விஷயம் தோன்றவே இல்லை. பட்டாளத்தில் யாரும் கோணி சுமப்பதில்லை. செஞ்சியிலோ கோணி இல்லாத முதுகு கிடையாது. மல்லாட்டை கோணியில், நெல் கோணியில், மழைக்கு முக்காடு கோணி, மாட்டுக்குப் போர்வை கோணி. எங்கள் வீட்டுக் கதவுக்கு வெயில் தடுப்பே கோணிப் படுதாதான். வீட்டு வாசலுக்கு வருகிற வண்டியில் முக்கால்வாசி என்ன இருக்குமோ, அதையே பார்த்துப் பார்த்து நாங்கள் அதற்குக் கடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

சித்திரையில் கிணற்று இறைவையில் விளைந்த மல்லாட்டையைப் பிடுங்கி, காயவைத்து, மூட்டை கட்டியாயிற்று. மண்டியிலிருந்து வண்டி வந்தது. கூட ஒரு மூட்டைக்காரர். எனக்கு நன்றாகத் தெரிந்தவர், வயதில் மூத்தவர், பனைமரம் மாதிரி உயரம். வழக்கம்போலக் கோணியின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் மாட்டி, மிச்சத்தை முதுகில் தொங்கவிட்டிருந்தார். குட்டி, அப்போதைக்கு அதைக் குட்டி என்று சொல்ல முடியாது, வேப்பமர நிழலில் படுத்திருந்தது. அவர் வந்ததையோ பேசியதையோ அது கண்டுகொள்ளவில்லை. குனிந்து மூட்டையைத் தூக்கி முதுகில் ஏற்றித் திரும்பினார். தொங்கின கோணி ஆடியது. ஒரே பாய்ச்சல்.

முதுகுக் கோணியைக் கவ்விக்கொண்டு அப்படியே தொங்கியது. மூட்டை சரிந்து கட்டு அவிழ்ந்து மல்லாட்டை வாசல் முழுக்கக் கொட்டியது. அவர் ஓடவில்லை, உதறவில்லை. அப்படியே நின்றார். அந்தப் புண்ணியம்தான் எங்களைக் காப்பாற்றியது. நான் "விடு! விடு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். என் கத்தலைக் கேட்டதும் அது இன்னும் இறுக்கிப் பிடித்தது. அதற்கு அந்தச் சொல்லை அந்தக் குரலில் தெரியாது. பெரியவளே, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா வெளியே வந்து, எப்போதும் போல "விடு" என்றாள். விட்டது. விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தது.

மூட்டைக்காரர் கோணியைக் கழற்றிக் கிழிசலைப் பார்த்தார். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. பெருமூச்சு விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"உன் நாயி ஆளப் பாக்கல தம்பி. கோணியத்தான் பாக்குது. மண்டியில வேல செய்யறவன் நீ, கோணியிலயா பழக்குவ? தையக்காரனா இருந்தா ஜாக்கெட்டுல பழக்குவியா?"

வண்டிக்காரரும் சிரித்தார். நானும் மல்லாட்டையைக் கூட்டி அள்ளிக்கொண்டே சிரித்துவைத்தேன். உங்கள் அம்மா சிரிக்கவில்லை. வண்டி போன பிறகு, வீட்டுக்குள் கோணி விரிப்பில் உட்கார்ந்து நீ ஒரு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினாள்.

"இது எது மேல குந்தியிருக்குதுன்னு பாரு. இன்னொரு தரம் அது கோணி மேல வாய வெச்சா, எங்கிட்ட கேக்காத. அவலூர்பேட்டையில கொண்டு போயி வுட்டுட்டு வந்துடு."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் ஒப்புக்கொண்டவன். ஆனால் அன்றைக்கு மூட்டைக் கணக்கை முடிக்க மண்டிக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பியபோது, அந்த நாய் வழக்கம்போல என் சைக்கிள் மணிக்கு ஓடி வந்து, கோணி எங்கே என்று என் கையைப் பார்த்தது. அது சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தது?

அடுத்த நாளிலிருந்து இரண்டு வேலை தொடங்கினேன்.

ஒன்று, கோணியை அதற்கு வெறும் கோணியாக்குவது. அதன் படுக்கையைக் கோணியில் போட்டேன். கஞ்சித் தட்டைக் கோணி அடுக்கின் மேல் வைத்தேன். நானே தலையில் கோணியை மாட்டிக்கொண்டு கொல்லையில் நடந்தேன். முதலில் அது உடம்பை விறைத்துக்கொண்டு என்னையே பார்க்கும். நான் எதுவும் சொல்லாமல் நடந்துகொண்டே இருப்பேன். அது விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் அலுத்துப்போய்ப் படுத்துவிடும். பிறகு கயிற்றில் பிடித்து மண்டிக்கே கூட்டிப்போனேன். மூட்டைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். முதலில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்றோம். அப்புறம் தெரு நடுவில். அப்புறம் வாசலில். அந்த உயரமான மூட்டைக்காரர் என்னைக் கண்டதும், முதலாளி மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை நினைத்து, "இன்னா, இன்னிக்கு யாரு வேட்டி?" என்பார். சில வாரம் போன பிறகு அவரே அதற்கு வடைத் துண்டு போட்டார். கோணிக்கடியிலிருந்து வந்த கையிலிருந்து அது வடையைத் தின்றது. அன்றைக்கு நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தேன். எதற்கென்று கேட்டால் தெரியாது, சந்தோஷம்.

இன்னொன்று, கடிக்க வேறு பொருள். மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த பழைய தோல் பை, ஆயில் இன்ஜின் வைத்த பிறகு பரண்மேல் கிடந்தது. அதை வெட்டி, உள்ளே தேங்காய் நார் திணித்து, கை முழங்கை வரைக்கும் நுழைகிற மாதிரி ஓர் உறை தைத்தேன். செஞ்சியில் யாரும் அப்படி ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு நடக்க மாட்டார்கள். அது வெளியே வந்தால் விளையாட்டு. விளையாட்டு முடிந்தால் அது பானைக்குள். வேறு எதிலும் பல் வைக்கக் கூடாது. உங்கள் மாமா அடுத்த லீவில் வந்து திருடனாக நடித்தான். நன்றாகவே நடித்தான். பாறை மறைவிலிருந்து பதுங்கி வருவான், நாய் குரைத்தால் நிற்பான், அசைந்தால் அது பாய்ந்து தோலைக் கவ்வும். உங்கள் அம்மா "விடு" என்றால் விடும். அவன் ஒவ்வொரு தடவையும், "அக்கா, கொஞ்சம் சீக்கிரம் சொல்லேன்," என்பான்.

ஆனாலும் உங்கள் அம்மா உன்னையும் அதையும் சேர்த்துத் தனியாக விடவில்லை. அவள் குளிக்கப் போனால் அதைக் கட்டிவிட்டுத்தான் போவாள். அது அந்தக் கயிற்றைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்காது. 

கார்த்திகை வந்தது. மானாவாரி மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தோம். நீ நடக்கவும் ஓடவும் கற்று, ஓர் இடத்தில் நிற்காமல் இருந்தாய். அன்றைக்குக் காலை நான் கொல்லைக் கடைசியில் செடிக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். உங்கள் அம்மா கிணற்றிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நாய் என் பின்னால் வந்துகொண்டிருந்தது. நீ வாசலில் காலிக் கோணிகளோடு விளையாடிக்கொண்டிருந்தாய்.

நான் பார்த்தபோது நீ இல்லை. வாசலில் ஒரு கோணி மட்டும் நடந்துகொண்டிருந்தது. உள்ளே புகுந்து தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டாய் போலிருக்கிறது. கீழே இரண்டு குட்டிக் கால். உள்ளேயிருந்து கெக்கே கெக்கே என்று சிரிப்பு. கோணி இப்படி ஓடியது, அப்படி ஓடியது, விழுந்தது, எழுந்தது. நாய்க்கு முதன்முதலில் நாங்கள் தரையில் ஓடவிட்டுக் காட்டினோமே, அதே ஓட்டம்.

நாய் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

தலையிலிருந்த கட்டு எப்போது விழுந்தது என்று தெரியாது. கத்த வாயைத் திறந்தேன். சித்திரையில் கத்தியது நினைவுக்கு வந்தது. கத்தினால் இறுக்கும். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன். எனக்குத் தெரியும், நான் போய்ச் சேர முடியாது. அது கோணியை எட்டிவிட்டது. கோணியின் ஒரு நுனியை, உன் தோளுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த கோணிக் காதை, வாயில் கவ்வியது. கோணி நின்றது. உள்ளே சிரிப்பும் நின்றது.

உங்கள் அம்மா கிணற்றுப் பாதையில் நின்றாள். குடம் தலையில் இருந்தது. அவள் ஓடவில்லை. உப்பை எடு என்கிற அதே குரலில், "விடு," என்றாள்.

விட்டது.

ஓர் அடி பின்னால் போய் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தது. எதையாவது திருப்பித் தருவாள் என்று காத்திருந்தது. அவள் மெல்ல நடந்து வந்தாள். குடத்தை இறக்கும்போது பாதித் தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது. கோணியை உருவினாள். உள்ளே நீ வியர்த்துப்போய், விளையாட்டை ஏன் நிறுத்தினீர்கள் என்கிற முகத்தோடு நின்றாய். உன் தோளை, கழுத்தை, காதை, தலைமுடிக்குள் எல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கோணிக் காதில் ஈரம் மட்டும் இருந்தது. ஓட்டை இல்லை. சித்திரையில் கிழித்த அதே வாய் இது. இப்போது நுனியைப் பிடித்து நிறுத்தியதோடு சரி.

நாய் இன்னும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். கையில் கொடுக்க எதுவும் இல்லை. தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து, நனைந்திருந்ததைப் பிழிந்து, அதன் வாயில் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு அது வாசலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கோணி மேல வாய வெச்சுது, பேச்சு பேச்சுதான் என்று. "நாளைக்கு அவலூர்பேட்டைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"கோணியத் தொட்டுச்சே."

அவள் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். 

"அனுப்பறதுன்னா உம் பொண்ண அனுப்பு. அதுதான் கோணிக்குள்ள பூந்துது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். வேப்பமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, பரண்மேல் போட்டாள். அன்று மத்தியானம் அவள் குளிக்கப் போனபோது நீயும் அதுவும் வாசலில் இருந்தீர்கள். நீ அதன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய்.

அந்த நாய் அதற்குப் பிறகு வெகுகாலம் எங்களோடு இருந்தது. உன் தம்பிகள் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றார்கள். தெரியாத ஆள் வாசலுக்கு வந்தால் அது உங்கள் அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நிற்கும், அவ்வளவுதான். தண்ணீர் கேட்டு வந்தவர்கள் தண்ணீர் குடித்ததும் போய்விட்டார்கள்.

நீ கோணிக்குள் புகுந்த அன்றைக்குச் சாயங்காலம் நான் கொல்லையில் விட்டுவந்த செடிக்கட்டைக் கொண்டுவந்து போட்டேன். உங்கள் அம்மா உள்ளே உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். கூரை இடுக்கில் கைவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். பல் அப்படியே இருந்தது. மாட்டுக் கொட்டகையில் ஈரச் சாணி கொஞ்சம் எடுத்து, பல்லை நடுவில் வைத்து உருண்டை பிடித்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கூரைமேல் எறிந்தேன்.